தேநீர் வேண்டாம் என்று சொல்லும் விருந்தாளி: ஒரு மார்மன் ஊழியரின் ஏழு நாட்கள்

தோட்டத்து வீட்டுக்கு யார் வந்தாலும் பேச்சுக்கு முன்னால் வருவது தேநீர்தான். லயத்து வீடுகள் போய், சிரம்பான், நீலாய், செனவாங் பக்கம் தாமான் வீடுகளுக்குக் குடிவந்த பிறகும் அந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. கடன் வசூலிக்க வந்தவருக்கும் ஒரு குவளை ஊற்றித்தான் கொடுப்போம்.

ஆனால் சில விருந்தாளிகள் அந்தக் குவளையைப் பணிவாக மறுப்பார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, மார்பில் கறுப்பு நிறப் பெயர்ப்பட்டை. வயது பத்தொன்பதோ இருபதோ இருக்கும். எப்போதும் இரண்டு பேராகத்தான் நடப்பார்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் இவர்களை அடுக்குமாடிகளுக்குக் கீழே பார்த்திருக்கலாம். ஆங்கிலப் படங்களிலும் இந்த உருவம் அடிக்கடி வரும். பொதுவாக ‘மார்மன்’ என்று அழைக்கப்படும் சபையின் முழுநேர ஊழியர்கள் இவர்கள்.

யார் இவர்கள்? வீட்டை விட்டு ஏன் இவ்வளவு தூரம் வருகிறார்கள்? ஒரு வாரத்தை எப்படிக் கழிக்கிறார்கள்? தமிழர்களுக்கும் இவர்களுக்கும் என்ன தொடர்பு? நம் வாசலுக்கு வந்தால் நாம் எதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சபை எப்படித் தொடங்கியது?

1830 ஏப்ரல் 6-ஆம் தேதி அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்ற இளைஞர் இந்தச் சபையை நிறுவினார். அப்போது அவருக்கு வயது 24. தமக்குத் தேவதூதர் ஒருவர் தோன்றியதாகவும், பொன் தகடுகளில் எழுதப்பட்டிருந்த பழங்கால நூல் ஒன்றைத் தாம் இறையருளால் மொழிபெயர்த்ததாகவும் அவர் சொன்னார். அதே ஆண்டில் அச்சான அந்த நூல்தான் ‘மார்மன் நூல்’. சபைக்கு ஊரார் வைத்த பெயரும் அதிலிருந்து வந்தது.

சபையின் அதிகாரப்பூர்வப் பெயர் நீளமானது: பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. ‘மார்மன்’ என்ற சுருக்கப் பெயரைத் தவிர்த்து முழுப் பெயரையே பயன்படுத்தும்படி 2018-இல் அதன் தலைமை கேட்டுக்கொண்டது. வாசகர்களுக்குப் பழகிய சொல் என்பதால் இக்கட்டுரையில் மார்மன் என்ற பெயரும் வருகிறது.

1844-இல் ஜோசப் ஸ்மித் ஒரு கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு பிரிகாம் யங் என்பவர் தலைமையில் பெரும்பகுதியினர் மேற்கு நோக்கி நடந்து, 1847-இல் இன்றைய யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் குடியேறினர். இன்றும் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. உலகம் முழுவதும் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருப்பதாகச் சபை கணக்குச் சொல்கிறது.

இரண்டு விஷயங்கள் இச்சபையைத் தொடர்ந்து சர்ச்சையில் வைத்திருந்தன. முதலாவது பலதார மணம். அதை 1852-இல் வெளிப்படையாக அறிவித்த சபை, 1890-இல் கைவிடுவதாக அறிவித்தது. இன்று பலதார மணம் செய்பவர் சபையை விட்டு நீக்கப்படுவார். இரண்டாவது நிறப் பாகுபாடு. ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்குக் குருத்துவப் பொறுப்பு மறுக்கப்பட்டு வந்தது. அந்தத் தடை 1978 ஜூன் மாதத்தில்தான் நீக்கப்பட்டது.

மற்ற கிறிஸ்தவ சபைகளுக்கும் இவர்களுக்கும் இடையே ஆழமான கொள்கை வேறுபாடு உண்டு. பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவக் கொள்கையை மார்மன் சபை அந்த வடிவில் ஏற்பதில்லை. பைபிளோடு வேறு நூல்களையும் வேதமாகக் கொள்கிறது. மார்மன் சபையில் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது என்று வத்திக்கான் 2001-இல் அறிவித்தது. ஆகவே, கத்தோலிக்க, மெதடிஸ்ட், லூத்தரன் குடும்பத்தைச் சேர்ந்த நம்மவர்கள் ‘எல்லாம் ஒன்றுதானே’ என்று எண்ணிவிட முடியாது. அவர்கள் பார்வையிலும் இது ஒன்றல்ல, மற்ற சபைகளின் பார்வையிலும் ஒன்றல்ல.

ஊழியத்துக்கு யார் போகிறார்கள்?

சபைக்குச் சம்பளம் வாங்கும் உள்ளூர்ப் பாதிரியார்கள் இல்லை. வட்டாரச் சபைகளைத் தொழில் செய்துகொண்டே உறுப்பினர்கள்தான் நடத்துகிறார்கள். அதுபோல ஊழியத்துக்குப் போகும் இளைஞர்களுக்கும் சம்பளம் கிடையாது.

இளைஞர்கள் 18 வயதிலிருந்து போகலாம். அவர்களுக்கு ஊழியக் காலம் இரண்டு ஆண்டு, இளம்பெண்களுக்கு 18 மாதம். முன்பு ஆண்களுக்கு 19, பெண்களுக்கு 21 என்றிருந்த வயது வரம்பு 2012 அக்டோபரில் 18, 19 எனக் குறைக்கப்பட்டது. அதன் பிறகு பெண்கள் பெரும் எண்ணிக்கையில் சேரத் தொடங்கினர். ஓய்வு பெற்ற மூத்த தம்பதியரும் ஊழியத்துக்குப் போவதுண்டு. இன்று உலகெங்கும் 70,000-க்கும் மேற்பட்டோர் இப்பணியில் இருக்கிறார்கள்.

எந்த நாட்டுக்குப் போவது என்பதை அந்த இளைஞர் தேர்ந்தெடுக்க முடியாது. விண்ணப்பம் தலைமையகத்துக்குப் போகும். ‘பன்னிரு அப்போஸ்தலர் குழு’ எனப்படும் உயர்மட்டக் குழுவினர் இடத்தை ஒதுக்குவார்கள். பக்கத்து ஊராகவும் இருக்கலாம், பெயரே கேள்விப்படாத நாடாகவும் இருக்கலாம். ஒதுக்கிய இடத்தை ஏற்றுக்கொண்டு புறப்படுவதுதான் வழக்கம்.

செலவு யாருடையது என்பதுதான் பலருக்கு வியப்பளிக்கும். அவரும் அவர் குடும்பமும்தான் தருகிறார்கள். அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளிலிருந்து போகிறவர்கள் மாதம் 400 அமெரிக்க டாலர் கட்டி வந்தனர். 2020 ஜூலை முதல் அது 500 டாலராக உயர்ந்தது. நம் கணக்கில் சுமார் 2,000 ரிங்கிட். மலேசியாவில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 ரிங்கிட்தான் என்பதை நினைத்தால், அந்தத் தொகையின் கனம் புரியும். வசதி குறைந்த நாடுகளிலிருந்து போகிறவர்கள் தங்களால் இயன்றதைக் கட்டுவார்கள். மீதியைச் சபையின் பொது நிதி ஏற்றுக்கொள்ளும்.

புறப்படும் முன் பயிற்சி உண்டு. யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரில் உள்ள பயிற்சி நிலையம்தான் பெரியது. மொழி கற்கத் தேவையில்லாதவர்களுக்குச் சில வாரப் பயிற்சி, புது மொழி கற்கிறவர்களுக்கு அதைவிடக் கூடுதல். ‘என் சுவிசேஷத்தைப் பிரசங்கியுங்கள்’ என்ற பொருளில் பெயரிடப்பட்டு 2004-இல் வெளிவந்த கையேடுதான் பாடநூல். 2023-இல் அது திருத்தி வெளியிடப்பட்டது.

ஒரு நாளின் கால அட்டவணை

காலை 6.30 மணிக்கு எழ வேண்டும். பால்மரம் வெட்டிய நம் பாட்டிமார்களுக்கு அது பிரட்டு முடிந்து பாதி நிரை வெட்டியாகிவிட்ட நேரம். ஆனால் அமெரிக்காவில் பள்ளி முடித்த கையோடு வந்த பிள்ளைக்கு அது சீக்கிரம்தான்.

எழுந்ததும் பிரார்த்தனை, அரை மணி நேர உடற்பயிற்சி, குளியல், காலை உணவு. பிறகு தனியாக வேத வாசிப்பு. அதன் பின் கூட்டாளியோடு சேர்ந்து படிப்பு. புது மொழி பேசும் இடமென்றால் மொழிப் படிப்பும் உண்டு. முற்பகல் 10 மணி வாக்கில் வெளியே கிளம்புவார்கள். சாப்பாட்டு நேரம் போக இரவு 9 மணி வரை வெளி வேலை. வீடு திரும்பி, மறுநாள் திட்டத்தை எழுதி, 10.30-க்கு விளக்கணைக்க வேண்டும். உள்ளூர்ப் பழக்கத்துக்கு ஏற்ப இந்த நேரங்களைச் சற்று மாற்றிக்கொள்ள 2017 முதல் கூடுதல் இடம் கொடுக்கப்பட்டது.

‘வெளி வேலை’ என்றால் என்ன? முன்பு கதவு தட்டுவதுதான் பெரும்பகுதி. இன்று சமூக ஊடகம், உறுப்பினர்கள் அறிமுகப்படுத்தும் நண்பர்கள், தெருவில் சந்திப்பவர்கள் எனப் பல வழிகள். கேட்க விரும்புவோருக்கு வரிசையாகப் பாடம் நடத்துவார்கள்: சபை மீண்டும் நிறுவப்பட்டதாகச் சொல்லும் வரலாறு, மனிதன் எங்கிருந்து வந்தான், எங்கே போகிறான் என்ற விளக்கம், விசுவாசம், மனந்திரும்புதல், ஞானஸ்நானம் பற்றிய போதனை, கடைப்பிடிக்க வேண்டிய கட்டளைகள்.

ஏழு நாட்கள்

நாடும் வட்டாரமும் பொறுத்துக் கிழமைகள் முன்பின் மாறும். பொதுவான வாரம் இப்படி ஓடும்.

*திங்கள்:* பெரும்பாலான இடங்களில் இதுதான் ‘ஆயத்த நாள்’. துணி துவைப்பது, சந்தைக்குப் போவது, முடிவெட்டுவது, வீடு கூட்டுவது எல்லாம் அன்றுதான். காலை வாசிப்பு அன்றும் உண்டு. மாலை ஆறு மணியோடு ஓய்வு முடிந்து பழையபடி வேலை தொடங்கும். மிஷன் தலைவருக்கு வாராந்தரக் கடிதம் எழுதுவதும் அன்றைய கடமை.

அந்த நாளில்தான் வீட்டுக்கும் பேசலாம். 2019 பிப்ரவரிக்கு முன்பு ஆண்டுக்கு இரண்டே இரண்டு முறைதான் தொலைபேசி அழைப்பு: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். மற்ற நாட்களில் கடிதமும் மின்னஞ்சலும் மட்டுமே. இப்போது வாரம் ஒரு முறை பேசவும், காணொளியில் முகம் பார்க்கவும் அனுமதி உண்டு.

*செவ்வாய்:* அக்கம்பக்கத்தில் ஊழியம் செய்யும் சில இணைகள் சேர்ந்து நடத்தும் வட்டாரக் கூட்டம். யாரைச் சந்தித்தோம், எங்கே தடங்கல், அடுத்து என்ன என்று பேசிக்கொள்வார்கள். அதில் வழிநடத்துபவரும் இருபது வயதுக்காரர்தான்.

*புதன்:* முழு நாளும் சந்திப்புகள். குறித்த நேரத்தில் போய் நிற்பார்கள், வீட்டில் ஆள் இருக்காது. இருந்தாலும் ‘இன்னொரு நாள் வாங்க’ என்ற பதில்தான். நம் ஊர்க் காப்புறுதி முகவர்களைக் கேட்டால் இந்த அனுபவத்தை விளக்கமாகச் சொல்வார்கள்.

*வியாழன்:* தொண்டு வேலைக்கு நேரம் ஒதுக்குவார்கள். வயதானவர் வீட்டுப் புல் வெட்டுவது, வீடு மாறுபவருக்குச் சாமான் தூக்குவது, இலவச ஆங்கில வகுப்பு நடத்துவது போன்றவை.

*வெள்ளி:* வாரத் திட்டமிடல். சந்தித்தவர்களின் பெயர்களை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்து அடுத்த வாரத்தை வரைவார்கள். கூட்டாளிகள் தங்களுக்குள் இருக்கும் மனத்தாங்கலைப் பேசித் தீர்க்கவும் இது நேரம். இரவும் பகலும் ஒரே அறையில், தான் தேர்ந்தெடுக்காத ஒருவரோடு வாழும்போது மனத்தாங்கலுக்குப் பஞ்சமிருக்காது.

*சனி:* மறுநாளுக்கு யார் வருவார்கள் என்று நினைவுபடுத்தும் சுற்று. ஞானஸ்நானம் இருந்தால் பல நேரம் வார இறுதியில் நடக்கும். உடல் முழுவதும் நீரில் மூழ்கும் முறை அது. எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குச் செய்வதில்லை.

*ஞாயிறு:* சபைக் கூட்டம். 2019 முதல் மூன்று மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. திருவிருந்தில் திராட்சை இரசத்துக்குப் பதில் தண்ணீர்தான். மாதத்தின் முதல் ஞாயிறு வழக்கமாக நோன்பு நாள். இரண்டு வேளை உண்ணாமல் இருந்து, அந்தச் சாப்பாட்டுக் காசை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை விரதமும் புரட்டாசிச் சனியும் தெரிந்த நமக்கு இது புரியாத விஷயமில்லை.

பொதுவாக ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்ற அறிவிப்பு வரும். கூட்டாளி மாறலாம், ஊர் மாறலாம். பழகிய முகங்களை விட்டுவிட்டு இரண்டு பெட்டியோடு கிளம்ப வேண்டியதுதான்.

விதிகளும் தனிமையும்

ஊழியர் ஒருவர் தனியாக இருக்கக் கூடாது. கூட்டாளி எப்போதும் கண்ணில் படும் தூரத்தில் இருக்க வேண்டும். காதல் கூடாது. சினிமா, தொலைக்காட்சி, கணினி விளையாட்டு கூடாது. நீச்சலும் கூடாது. போர்ட்டிக்சன் கடற்கரைக்கே போனாலும் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வீட்டில் திருமணம் நடந்தாலும் பெரும்பாலும் போவதில்லை.

தேநீர், காப்பி, மது, புகையிலை எதுவும் கூடாது. இது ஊழியர்களுக்கு மட்டுமான விதியல்ல, உறுப்பினர் அனைவருக்கும் பொருந்தும். 1833-இல் ஜோசப் ஸ்மித் வெளியிட்ட ‘ஞான வார்த்தை’ என்னும் போதனையிலிருந்து வந்தது. ஆகவே தேநீரை மறுப்பது நம் கையால் குடிக்க மாட்டேன் என்ற எண்ணத்தால் அல்ல. ஒரு காலத்தில் சாதி பார்த்துத் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்களைக் கண்ட சமூகம் நாம். மறுக்கப்படும் குவளை நம்மைச் சுடுவது இயல்பே. ஆனால் இங்கே காரணம் வேறு. அதே வீட்டில் மைலோவோ பச்சைத் தண்ணீரோ கொடுத்தால் மகிழ்ச்சியாக வாங்கிக் குடிப்பார்கள்.

எல்லாராலும் இந்த வாழ்க்கையைத் தாங்க முடிவதில்லை. உடல்நலக் குறைவாலும் மன அழுத்தத்தாலும் காலம் முடியும் முன்பே வீடு திரும்புகிறவர்கள் உண்டு. திரும்பியவர்கள் ‘பாதியில் வந்தவன்’ என்ற பார்வைக்கு ஆளாவதும் உண்டு. கூட்டாகக் கட்டிக்காக்கும் எந்தச் சமூகத்திலும் நடக்கும் கொடுமைதான் இது. நாம் இதைக் குறைசொல்லும் முன், பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டு வந்த நம் வீட்டுப் பிள்ளையிடம் உறவினர்கள் என்ன கேட்டார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம்.

மதராசுக்கு வந்த மார்மன்

தமிழ் மண்ணுக்கு இவர்கள் வந்த கதை 170 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. 1852 ஆகஸ்டில் சால்ட் லேக்கில் நடந்த மாநாட்டில், இந்தியா, சயாம் உள்ளிட்ட நாடுகளுக்கு ஊழியர்கள் நியமிக்கப்பட்டனர். அவர்களில் ஒருவர் ரிச்சர்ட் பாலண்டைன். ஸ்காட்லாந்தில் 1817-இல் பிறந்தவர். 1849-இல் சால்ட் லேக்கின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு.

1853 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் கப்பலேறிய குழு, ஏப்ரலில் கல்கத்தா வந்து சேர்ந்தது. அங்கிருந்து பாலண்டைன் கூட்டாளிகளோடு மதராசுக்குக் கப்பல் பிடித்து ஜூலை மாதத்தில் கரையிறங்கினார். அக்கால ஊழியர்கள் பணப்பையும் இல்லாமல் பயணப்பையும் இல்லாமல் போகும் முறையைப் பின்பற்றினர். சோறும் கூரையும் கேட்கிறவர்களின் தயவைப் பொறுத்தது.

மதராசில் ஓர் ஆண்டு இருந்தார் பாலண்டைன். துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டார், ஆங்கிலத்தில் ஒரு மாத இதழும் நடத்தினார். ஆனால் சேர்ந்தவர்கள் மிகச் சிலரே. பலதார மண அறிவிப்பு ஊழியர்களுக்கு முன்பாகவே செய்தித்தாள்கள் வழியாக வந்து சேர்ந்திருந்தது. மற்ற மிஷனரிகளும் ஆங்கிலேய அதிகாரிகளும் எதிர்த்தனர். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு குறை இருந்தது: ஆங்கிலம் பேசும் ஐரோப்பியர் வட்டத்தைச் சுற்றியே அவர்களுடைய வேலை பெரும்பாலும் நடந்தது. ஊர் மக்களின் மொழி தமிழ். அந்த மொழிக்குள் அவர்கள் நுழையவே இல்லை.

பார்த்தலோமேயு சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கியதும் தமிழ் எழுத்துகளைக் கற்க உட்கார்ந்தார். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது. வீரமாமுனிவர் தமிழில் காவியமே எழுதினார். தமிழ் படித்தவர்கள் நிலைத்தார்கள், படிக்காதவர்கள் கப்பலேறினார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் மதராசில் நடந்ததைப் பார்க்கும்போது அந்த எண்ணம் தோன்றாமல் இருப்பதில்லை.

பாலண்டைன் 1854 ஜூலையில் மதராசை விட்டு இங்கிலாந்து வழியாகப் புறப்பட்டு, 1855 செப்டம்பரில் சால்ட் லேக் சேர்ந்தார். மேற்கே கிளம்பி உலகைச் சுற்றிக் கிழக்கு வழியாக வீடு திரும்பிய பயணம் அது. 1856-க்குள் இந்தியாவில் இருந்த மற்றவர்களும் திரும்பிவிட்டனர்.

அதே ஆண்டுகளில் நாகப்பட்டினத்திலிருந்து நம் முன்னோர்கள் பினாங்குக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள், செபராங் பிறை கரும்புத் தோட்டங்களுக்கு. ஒருவர் நம்பிக்கையைச் சொல்ல வந்தார், மற்றவர் வயிற்றைக் கழுவப் போனார். இருவருக்குமே திரும்புவோமா என்பது தெரியாது.  ஒப்பந்தக் கூலிக்குத் தாளில் ஒரு தேதி இருந்தது. பல பேருக்கு அது தாளோடு நின்றுவிட்டது.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு கடிதம்

அடுத்த நூறு ஆண்டு தமிழகத்தில் மார்மன் பேச்சே இல்லை. 1950-களில் கோயம்புத்தூர்ப் பகுதியைச் சேர்ந்த பால் திருத்துவதாஸ் என்பவர் கையில் இச்சபையின் பிரசுரம் ஒன்று கிடைத்தது. அவரே சால்ட் லேக்குக்குக் கடிதம் எழுதினார். ஊழியர்களை அனுப்பச் சபை தயங்கியது. ஆண்டுக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடந்த பிறகு 1965-இல் அவர் ஞானஸ்நானம் பெற்றார். ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளும் அநாதை இல்லங்களும் அவருடைய முயற்சியில் நடந்தன.

இந்தக் கதையில் யாரும் அவர் கதவைத் தட்டவில்லை. அவர்தான் அவர்கள் கதவைத் தட்டினார். 1982-இல் மார்மன் நூலின் தேர்ந்தெடுத்த பகுதிகள் தமிழில் வெளிவந்தன. 1993 ஜனவரியில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தனி மிஷன் தொடங்கப்பட்டது. பாலண்டைன் விட்டுப்போன மொழி வேலையை, நூறாண்டுக்கும் மேல் கழித்துத் தமிழர்களே செய்ய வேண்டியிருந்தது.

நம் வட்டாரத்தைப் பொறுத்தவரை, 1969-இல் சிங்கப்பூரைத் தலைமையிடமாக வைத்துத் தென்கிழக்காசிய மிஷன் அமைக்கப்பட்டது. சிங்கப்பூரில் ஒரு திருக்கோயில் கட்டப்படும் என்று 2021 ஏப்ரலில் சபை அறிவித்தது.

மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது?

கூட்டரசு அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவு, ஒவ்வொருவருக்கும் தம் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அதே பிரிவின் 4-ஆவது உட்பிரிவு, முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்கள் சட்டம் இயற்றலாம் என்கிறது. நெகிரி செம்பிலான் உட்படப் பல மாநிலங்களில் அத்தகைய சட்டம் இருக்கிறது. எனவே எந்தச் சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும் இங்கே மிகக் கவனமாகத்தான் நடந்துகொள்ள முடியும்.

12-ஆவது பிரிவின் 4-ஆவது உட்பிரிவு நம் பெற்றோர்கள் மனத்தில் வைக்க வேண்டியது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் மதத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோதான் முடிவு செய்ய வேண்டும். இந்திரா காந்தி வழக்கில் 2018 ஜனவரி 29-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அங்கே ‘பெற்றோர்’ என்பது தாய், தந்தை இருவரையும் குறிக்கும் என்று தெளிவுபடுத்தியது. அந்த வழக்கு வேறு மதம் தொடர்பானது. ஆனாலும் பிள்ளையின் மதம் பற்றிய கேள்வி எழும்போதெல்லாம் நம் சமூகம் அதை நினைவுகூர்வது இயற்கையே.

வாசலுக்கு வந்தால்?

யாரும் உள்ளே வர நீங்கள் அனுமதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ‘எங்களுக்கு விருப்பமில்லை’ என்று ஒரே ஒரு முறை தெளிவாகச் சொன்னால் போதும். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று நாம் நாகரிகத்துக்குச் சொல்வதை அவர்கள் அழைப்பாக எடுத்துக்கொண்டு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள்.

பேச விரும்புகிறவர்கள் சில விஷயங்களை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. உறுப்பினர் ஆகிறவர் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்க வேண்டும். ஞானஸ்நானத்துக்கு முன் நடக்கும் நேர்காணலிலேயே இது கேட்கப்படும். மாதம் 1,700 ரிங்கிட் சம்பளத்தில் அது 170 ரிங்கிட். மதுவையும் புகையையும் விட வேண்டும் என்பதும் நிபந்தனை. கள்ளும் சம்சுவும் எத்தனை தோட்டத்துக் குடும்பங்களைச் சாய்த்தன என்று தெரிந்த பெண்களுக்கு அந்த ஒரு நிபந்தனை கவர்ச்சியாகத் தோன்றலாம். அதற்காக மட்டும் மதம் மாற வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சபையின் சொந்த விதிப்படியே, வயது வராத பிள்ளைக்குப் பெற்றோர் அனுமதி இல்லாமலும், திருமணமானவருக்குத் துணைவரின் சம்மதம் இல்லாமலும் ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது. ‘வீட்டுக்குத் தெரியாமல்’ என்று யாராவது பேசினால், அது அவர்களுடைய விதிக்கே எதிரானது என்று எடுத்துச் சொல்லலாம்.

ஏற்கெனவே உறவில் ஒருவர் சேர்ந்துவிட்டார் என்றால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை. திருமண மேடையில் யார் நிற்பது, அப்பாவுக்குக் கொள்ளி வைப்பது யார், குலதெய்வப் படையலுக்கு வருவானா மாட்டானா என்று குடும்பங்கள் உடைந்ததை நாம் பார்த்திருக்கிறோம். எந்த மதத்துக்குப் போனாலும் இந்தக் கேள்விகள் வரும். முன்கூட்டியே உட்கார்ந்து பேசிய வீடுகளில் உறவு மிஞ்சுகிறது. கதவைச் சாத்திய வீடுகளில் இழவுக்குக்கூட ஆள் வருவதில்லை.

பகாவ், லாபு, லுக்குட் தோட்டங்களில் மாரியம்மன் கோயிலும் முனீஸ்வரன் மேடையும் ஒரு பக்கம், வேளாங்கண்ணி மாதா கெபி இன்னொரு பக்கம் என்று வாழ்ந்தவர்கள் நாம். அடுத்த வீட்டுக்காரர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்பது தீபாவளிப் பலகாரத்தட்டு போய்வருவதைத் தடுத்ததில்லை. நம் நம்பிக்கையில் நாம் தெளிவாக இருந்தால், வேறு நம்பிக்கையைச் சொல்ல வரும் இருபது வயதுப் பையனைக் கண்டு பதறவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம்.

வெயிலில் நடந்து வந்த பிள்ளைக்கு ஒரு குவளை தண்ணீர் கொடுக்கலாம். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லி அனுப்பலாம். அவனுக்கும் எங்கோ ஒரு வீட்டில், திங்கட்கிழமை வருமா என்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு ஒரு தாய் உட்கார்ந்திருப்பாள்.